பக்கத்து வயல் இறால் குட்டையாகப் போகிறது, என்ன செய்யலாம்?

கடைமடையான்:
சீர்காழிக்குக் கிழக்கே, கடலோரத்தில் எங்கள் ஊர். மேட்டூரை ஜூன் 12 அன்று திறந்தாலும் எங்கள் வாய்க்கால் நனைய ஜூலை பிறந்துவிடும். எனக்கு ஒன்பது மா நிலம் (மூன்று ஏக்கர்), சம்பா ஒரு போகம்தான். இரண்டு வயல் தள்ளி நாலு வருஷமாக ஒரு இறால் பண்ணை நடக்கிறது. இப்போது என் வரப்பை ஒட்டிய நிலத்தையும் குத்தகைக்குக் கேட்டு வந்திருக்கிறார்கள். அது பெரியப்பாவின் நிலம். நெல்லில் அவர் கண்டதைப் போல மூன்று மடங்கு தருகிறார்களாம். என் நிலத்தையும் சேர்த்துக் கேட்கிறார்கள்.

பெரியப்பா மேல் எனக்குக் கோபமில்லை. இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்த கடன் இன்னும் அடையவில்லை. ஆனால் ஒவ்வொரு பிடி முடிந்ததும் குட்டைத் தண்ணீரை வடிகாலில்தான் திறந்துவிடுகிறார்கள். அந்த வடிகால் என் வயலோரமாகப் போகிறது. சித்திரையில் விடியற்காலை போனால் வரப்போரம் உப்பு வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது. போன சம்பாவில் அந்த ஓரம் முழுக்கப் பயிரின் நுனி கருகி, கதிர் பதராகிப்போனது. அடிபம்பு தண்ணீரில் டீ போட்டால் பால் திரிகிறது.

நான் நிலத்தைக் கொடுக்காமல் இருந்தால் மட்டும் மண் பிழைக்குமா? ஜிப்சம் போடச் சொல்கிறார் உரக்கடைக்காரர்.

வனாமி விவசாயி:
நானும் பண்ணை வைத்திருப்பவன்தான், அதனால் மறைக்காமல் சொல்கிறேன். 2005 கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புச் சட்டப்படி பதிவில்லாமல் பண்ணை நடத்த முடியாது. விளைநிலத்தைக் குட்டையாக மாற்றவும் கூடாது. முதலில் பெரியப்பாவின் பட்டாவைப் பாருங்கள். நஞ்சை என்றிருந்தால் கலெக்டர் அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள்.

ஐந்து ஹெக்டேருக்கு மேல் போனால் கழிவுநீரைச் சுத்திகரித்துத்தான் விட வேண்டும். சின்னப் பண்ணைகள் நாலைந்து சேர்ந்து ஒரு பொதுக் குட்டையில் தண்ணீரைத் தேக்கி, தெளிந்த பிறகு விடலாம். அதற்கு ஒதுக்கும் இடத்தில் இறால் வளர்க்க முடியாது, அதனால்தான் பலர் செய்வதில்லை. இதில் தப்பு எங்கள் பக்கம்.

இன்னொன்று, வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் சில நாளில் குட்டையே காலி. எனக்கு இரண்டு தடவை நடந்திருக்கிறது. குத்தகைக்காரர் கையை விரித்தால் பெரியப்பாவுக்கு மிஞ்சுவது உப்பேறிய பள்ளம்தான். பள்ளத்தை மூடி நிலத்தைத் திருப்பித் தருவதாகப் பத்திரத்தில் எழுதியிருக்கிறார்களா?

மண்வாசனை (ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்):
ஜிப்சத்துக்கு அவசரப்பட வேண்டாம். அது களர் நிலத்துக்கான (சோடியம் ஏறி இறுகிப்போன மண்ணுக்கான) மருந்து. உங்களுடையது உவர், அதாவது கரையும் உப்பு ஏறிய நிலம் போலத் தெரிகிறது. உவருக்கு நல்ல தண்ணீரைக் கட்டி, உப்பைக் கரைத்து, வடித்துவிடுவதுதான் வழி. வடிகாலிலேயே உப்புத் தண்ணீர் நின்றால் எங்கே வடிப்பீர்கள்? அதனால் வடிகால் பிரச்சினையை முதலில் தீருங்கள்.

மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். கார அமில நிலை, மின்கடத்து திறன் (மண்ணில் உப்பு எவ்வளவு என்று காட்டுவது) இரண்டையும் கேட்டு வாங்குங்கள். மின்கடத்து திறன் மீட்டருக்கு 3 டெசிசைமனைத் தாண்டினால் நெல் விளைச்சல் இறங்க ஆரம்பிக்கும். ஓரத்து வயலில் மட்டும் குழியடிச்சான் விதைத்துப் பாருங்கள். உப்பு தாங்குகிற பழைய நாகப்பட்டினம் ரகம்.

கடைமடையான்:
பட்டா பார்த்தாயிற்று, நஞ்சைதான். மண்ணும் கொடுத்துவிட்டேன். என் நிலத்தைக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

காந்தியவாதி ஜெகநாதன் ஐயா போட்ட இறால் பண்ணை வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த அன்று அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தது எனக்கு நினைவிருக்கிறது. இனிக் குட்டை வராது என்று நம்பினார். பிறகு தனிச் சட்டமே வந்து பண்ணைகளுக்கு வழி விட்டது. வெளிநாட்டுக்கு இறால் போய் டாலர் வருகிறது, சரி. உப்பு எங்கள் வடிகாலில் தங்கிவிடுகிறதே, அது யார் கணக்கு?

நேற்று பெரியப்பாவிடம் பேசினேன். “நெல்லு போட்டா கடன அடைச்சிருவியா நீ?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. நிலத்தைக் குத்தகைக்கு விடாதீர்கள் என்று அவரிடம் வெறும் வாயால் சொல்வது நியாயமில்லை. இந்த சம்பாவுக்கு அவர் வயலையும் சேர்த்து நானே பார்க்கிறேன், விளைச்சலில் பாதி உங்களுக்கு என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

குழியடிச்சான் விதைநெல் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். இரண்டு வயலுக்கும் வேண்டும்.