புதுப்பிப்பு: ஒரே நாளில் குடியை நிறுத்திய அண்ணன்

18 வருடமாகத் தினமும் குடித்த அண்ணன், மாலை போட்டுக்கொண்டு ஒரே நாளில் நிறுத்திவிட்டார், கை நடுங்குகிறது, தூக்கமே இல்லை, தானாகச் சரியாகிவிடுமா என்று 3 வாரம் முன்பு கேட்டிருந்தேன். "காத்திருக்காதே, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ" என்றவர்களுக்குக் கோடி நன்றி. அன்று ராத்திரியே சேர்த்துவிட்டோம்.

மூன்றாம் நாள்தான் ரொம்ப மோசம். எறும்பு ஊர்கிறது என்று போர்வையை உதறிக்கொண்டே இருந்தார். என்னைப் பார்த்து "அப்பா" என்றார். அப்பா போய் 6 வருடம் ஆகிறது. வீட்டில் இருந்திருந்தால் காத்துக்கருப்பு என்று மந்திரிக்கத்தான் போயிருப்போம். மூளை மதுவுக்கே பழகியிருக்கும், திடீரென்று நின்றால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம் என்றார் டாக்டர். முதலில் தயமின் (வைட்டமின் பி1) ஊசி, அப்புறம்தான் குளுக்கோஸ். நடுக்கத்துக்குத் தந்த மாத்திரையை நாளுக்கு நாள் குறைத்தார்கள்.

இப்போது வீட்டில் இருக்கிறார். நேற்று ஒரே கையில் டம்ளரைப் பிடித்து டீ குடித்தார், சிந்தவில்லை. அண்ணி பார்த்துக்கொண்டே நின்றார். சாயங்காலம் 6 மணியானால் மனம் அலைகிறதாம். அந்த நேரத்தில் அவரோடு நான் நடக்கப் போகிறேன். யாரிடம் கேட்பது என்று தெரியாதவர்கள் 14446 என்ற இலவச போதை மீட்பு உதவி எண்ணில் கூப்பிடுங்கள்.