கலைச்சொல் வேண்டும்: தம் பாலினம் அல்லாத பாத்திரத்தை ஏற்று எழுதுதல்

சென்னையிலிருந்து:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். கல்லூரி ஒன்றின் பாடத்துக்காக, ரோல்பிளே ஆட்டங்களை, அதாவது ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்றுக் கதையை நடத்திச் செல்லும் ஆட்டங்களைப் பற்றிய கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்க வேண்டும். ஆடுபவர் தாமே படைத்து எழுதும் பாத்திரத்தில் அவருடைய பாலினமும் பாலீர்ப்பும் (எப்பாலார்மீது ஈர்ப்பு என்பதும்) எவ்வாறு வெளிப்படுகின்றன என்பதே கட்டுரையின் பொருள். ஆண் ஒருவர் பெண்ணாகவோ, பெண் ஒருவர் ஆணாகவோ பாத்திரம் ஏற்று எழுதுவதை ‘எதிர்பால் வேடம்’ என்று முதலில் எழுதினேன். பாதி வழியில் அந்தச் சொல் இடறத் தொடங்கிவிட்டது.

1974-இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உயர்நிலை வடிவத்துக்காக 1978-இல் வந்த விதிநூல், மனிதப் பெண் பாத்திரத்தின் உடல்வலிமைக்கு ஆண் பாத்திரத்தைவிடக் குறைந்த உச்சவரம்பை விதித்தது. பெண்ணாக ஆடத் துணிந்தவர் அதற்கு எண்ணிக்கையிலேயே விலை கொடுக்க வேண்டியிருந்தது. 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பு அவ்விதியைக் கைவிட்டது. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்போ, பாத்திரம் ஆண், பெண் என்ற இரண்டுக்குள் அடங்க வேண்டியதில்லை என்றும், அதன் பாலீர்ப்பை ஆடுபவரே முடிவு செய்யலாம் என்றும் வெளிப்படையாக எழுதியது. 1990-இல் தொடங்கிய லாம்டாமூ என்னும் எழுத்துவழி உலகத்திலும் ஆண், பெண் தவிர வேறு பல பால் அடையாளங்கள் இருந்தன. இத்தனைக்கும் பிறகு ‘எதிர்’ என்று எழுத மனம் ஒப்பவில்லை. வேறு சொல் தாருங்கள்.

மதுரையிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, தங்கள் தயக்கம் சரியானதே. பால் என்றாலே பகுப்பு என்றுதான் பொருள். அறத்துப்பால், பொருட்பால், காமத்துப்பால் என்று மூன்றாகப் பகுத்தபோது எது எதற்கு எதிர்? நம் இலக்கணத்திலும் ஐம்பால் உண்டேயன்றி இருபால் இல்லை. ‘பகு’ என்னும் வேரிலிருந்து பகல், பாதி, பால் எனக் கிளைத்த சொற்களையெல்லாம் நிரல்படுத்தினால் பல பக்கம் எழுதலாம், அதை வேறொரு மடலில் எழுதுகிறேன்.

ஆகவே ‘பிறபால்’ என்க. அடுத்து, ‘வேடம்’ வடசொல், ‘பாத்திரம்’ அதனினும் வடசொல். அகப்பாடல்களில் ஆண்பாற் புலவர்கள் தலைவியாகவும் தோழியாகவும் செவிலியாகவும் நின்று பாடியதை நாம் ‘கூற்று’ என்றே வழங்கி வருகிறோம். நம்மாழ்வார் பராங்குச நாயகியாகவும், திருமங்கையாழ்வார் பரகால நாயகியாகவும் நின்று உருகியதும் இவ்வகையே. எழுத்தில் ஆடும் ஆட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. ‘பிறபாற்கூற்று’ என்பதே என் முடிவு.

யாழ்ப்பாணத்திலிருந்து:

ஐயாவின் புலமையை வணங்குகிறேன். ஆனால் ‘பிறபாற்கூற்று’ என்று கரும்பலகையில் எழுதினால், மாணவர் அதை யாப்பிலக்கணப் பாடம் என்றே எண்ணுவர். நாட்டுக்கூத்தில் ஆண்கள் பெண்ணாக நடித்த காலத்தில் ஊரார் ‘பெண் வேடம் கட்டினார்’ என்றார்கள், நாடக மேடையில் ‘ஸ்திரீபார்ட்’ என்ற பெயரே இருந்தது. மக்களிடம் உயிரோடு இருக்கும் சொல் ‘வேடம்’தான். அது வடசொல் என்பதையும் நான் ஏற்கவில்லை: வேய்தல் என்றால் சூடுதல், மேலே போர்த்தல். கூரை வேய்வதும் முடி வேய்வதும் அவ்வினையே. உடம்பின்மேல் வேய்வது வேடம் ஆகாதா?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் பாலினம் என்பதை இலங்கையில் ‘பால்நிலை’ என்கிறோம். பாடநூல் இங்கும் வரக்கூடும் என்றால் ‘பிறபால்நிலை வேடம்’ என்று விரித்துச் சொல்வது நல்லது.

மதுரையிலிருந்து:

‘வேய்’ என்பதிலிருந்து டகரம் எப்படி வந்தது என்பதைத் தம்பி விளக்கட்டும். ‘ஸ்திரீபார்ட்’ என்பதைத் தமிழுக்குச் சான்றாகக் காட்டியதை ஏற்க இயலாது.

கோவையிலிருந்து, இணையத்தில் எழுத்துவழி ரோல்பிளே ஆடுபவர்:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் ஒரு திருநங்கை. வீட்டில் எவரிடமும் சொல்வதற்கு முன்னரே, ஆட்டத்தில் பெண் பாத்திரங்களைத்தான் எழுதினேன். உங்கள் கணக்கில் அன்று நான் செய்தது ‘பிறபால்’ வேடம். என் கணக்கில் பள்ளிக்கு நாள்தோறும் போட்டுக்கொண்டு போனதுதான் வேடம், ஆட்டத்தில் எழுதியது என் பால். ஆடுபவரின் பாலினம் முன்பே தெளிவாக முடிந்துவிட்டது, பாத்திரத்தினுடையது மட்டுமே புனைவு என்று ‘பிறபால்’ எடுத்துக்கொள்கிறது. அதுதான் அச்சொல்லின் குறை.

எங்கள் ஆட்டத்தில் நடப்பதையும் சொல்கிறேன். தன்மையில் எழுதினால் ‘வந்தேன்’, ‘பார்த்தேன்’ என்று பால் காட்டாமல் போகலாம். எங்கள் குழுவிலோ படர்க்கையில்தான் எழுத வேண்டும், தமிழில் ஒவ்வொரு வினைமுற்றும் ஆணா பெண்ணா என்று கேட்கும். என்னோடு ஆடிய ஒருவர் இளவேனில் என்ற பாத்திரத்தை ஆண், பெண் எதிலும் சேர்க்காமல் எழுத விரும்பினார். ‘இளவேனில் வாளை உருவி நிற்க, காவலர் இருவரும் பின்வாங்கினர்’ என்று எழுதுவார். இளவேனிலுக்கு எச்சம் மட்டும்தான், முற்று எப்போதும் வேறு ஒருவருக்கோ ஒரு பொருளுக்கோ போய்விடும்: கதவு திறந்தது, விளக்கு அணைந்தது. ‘அவர் வந்தார்’ என்று எழுதலாமே என்றால், அந்தப் பாத்திரம் ஊருக்கே பெரியவர்போல் ஆகிவிடுகிறது என்பார். சந்தையில் திருடித் தின்னும் சிறு பாத்திரத்துக்கு அந்த ‘ர்’ பொருந்தவில்லை.

பாலீர்ப்பும் இப்படித்தான் வருகிறது. இளவேனில் யாரிடம் மனம் இழக்கும் என்று எழுதும் இடத்தில், எழுதுபவர் தம்மையே கேட்டுக்கொள்கிறார். சிலர் அந்த இடத்தில் கதையைத் திருப்பிவிடுவார்கள். சிலர் முதன்முதலில் அங்கேதான் உண்மை பேசுவார்கள். ‘பிறபால்’, ‘வேடம்’ இரண்டிலும் இதற்கு இடமே இல்லை.

புலவர் ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். ஐம்பால் என்று பெருமையாகச் சொன்னீர்கள். அந்த ஐந்தில் மூன்று, பலரையும் அஃறிணையையும் குறிப்பவை. எங்களைப் போன்றோர் ஆண்பாலாகவோ பெண்பாலாகவோ முடிவு பெறுவதோடு, அஃறிணை போலவும் ஆவர் என்று நன்னூல் இடம் தருகிறது. அதைப் படித்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. என் பரிந்துரை ‘பால்தேர் எழுத்து’: தேர்வது பாத்திரத்தின் பால், எழுதுபவர் யார் என்ற தீர்ப்பு அதில் இல்லை.

மதுரையிலிருந்து:

மகளே, நன்னூல் பற்றித் தாங்கள் எழுதியது நியாயம், அந்த நூற்பாவை இத்தனை ஆண்டு வகுப்பில் விளக்கியவன் என்ற முறையில் மறுக்கமாட்டேன். தொல்காப்பியம் ‘ஆண்மை திரிந்த பெயர்நிலைக் கிளவி’யை, அதாவது ஆண்தன்மையிலிருந்து திரிந்தோரைக் குறிக்கும் சொல்லை, உயர்திணை மருங்கிலேயே வைத்து முடிக்கிறது என்பதை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். ‘பால்தேர் எழுத்து’ வினைத்தொகையாக அழகாக அமைந்துள்ளது.

யாழ்ப்பாணத்திலிருந்து:

அழகுதான். ஆனால் கருவின் பாலினத்தை அறிந்து அழிப்பதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தைப் பற்றி எழுதுவோர் ‘பாலினத் தேர்வு’ என்றே எழுதுகிறார்கள். ‘பால்தேர்’ என்றதும் அந்த நினைவுதான் வரும். மாணவருக்கு அந்தக் குழப்பம் வேண்டாம்.

சென்னையிலிருந்து:

நாளை காலை ஒப்படைக்க வேண்டும். பதில் எழுதியவர்களில் பலர் ‘பிறபால் வேடம்’ போதும் என்கிறார்கள், அதையே இட்டிருக்கிறேன். வரையறையில் மட்டும், ‘ஆடுபவரின் பாலினம் அல்லாத’ என்பதை நீக்கி, ‘ஆடுபவருக்குப் பிறர் வழங்கிய பாலினத்தினின்று வேறான’ என்று மாற்றினேன். பாலீர்ப்பு குறித்த பகுதிக்குத் தனிக் கலைச்சொல் வைக்கவில்லை, விரித்தே எழுதிவிட்டேன்.

கோவையிலிருந்து:

வரையறை சரி, நன்றி அக்கா. சொல்லை நான் ஏற்கவில்லை. வரையறை ஒன்றைச் சொல்ல, தலைச்சொல் அதை மறுக்கிறது. மாணவர் தேர்வில் எழுதப்போவது தலைச்சொல்லைத்தான். அடுத்த பதிப்பு வரும்போது மீண்டும் எழுதுவேன்.