குரல் தடுமாறத் தொடங்கிய பின்னும் வானொலியில் நீடிக்க முடியுமா? டயான் ரெம் குறித்து ஒரு கேள்வி

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். சமுதாய வானொலி ஒன்றில் ஆறு ஆண்டுகளாக நேயர்களோடு உரையாடும் நிகழ்ச்சியை நடத்தி வருகிறேன். சில மாதங்களாகத் தொண்டை இறுகிச் சொற்கள் பாதியில் அறுந்துபோகின்றன. குரல்வளைத் தசைகள் இறுகும் ஸ்பாஸ்மோடிக் டிஸ்போனியா என்ற குறைபாடாக இருக்கலாம் என்கிறார் மருத்துவர். இதே குறைபாட்டோடு அமெரிக்கப் பொது வானொலியில் டயான் ரெம் பல ஆண்டுகள் நிகழ்ச்சித் தொகுப்பாளராகப் பணியாற்றினார் என்று அறிந்தேன். அவருடைய நிகழ்ச்சியைக் கேட்டவர்கள் எழுத வேண்டுகிறேன்.

பதில் 1:
வாஷிங்டனில் வேலை பார்த்த ஆண்டுகளில் காலை பத்து மணிக்கு அவரைக் கேட்டுப் பழகியவன் நான். முதல் நாள், மிகவும் தளர்ந்த ஒருவர் பேசுகிறார் என்றே நினைத்தேன். ஒவ்வொரு சொல்லும் நடுங்கியபடி வந்து, அடுத்த சொல்லுக்கு முன் சற்றே நின்றது. ஒரு வாரத்துக்குள் நடுக்கம் என் காதில் விழவே இல்லை. அவர் கேட்ட கேள்விகள்தான் விழுந்தன.

1936இல் பிறந்த அவர் கல்லூரிப் பட்டம் பெற்றவரல்லர். செயலாளராக வேலை பார்த்து, பின்னர் இரண்டு பிள்ளைகளை வளர்த்து, 1973இல்தான் அமெரிக்கன் பல்கலைக்கழகத்தின் டபிள்யூ.ஏ.எம்.யூ. வானொலி நிலையத்தில் ஊதியமில்லாத் தன்னார்வலராகச் சேர்ந்தார். அங்கே காலடி வைத்த முதல் நாளிலேயே தொகுப்பாளர் உடல்நலமின்றி வராததால், ஒலிவாங்கியின் முன் உட்காரும்படி ஆயிற்று. 1979இல் காலை நிகழ்ச்சியை ஏற்றார். 1984இல் அது அவர் பெயரையே பெற்றது. 1990களில் நாடெங்கும் ஒலிபரப்பாயிற்று. புகழ் பெருகிய அதே காலத்தில்தான் குரல் கைவிடத் தொடங்கியது என்பதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

பதில் 2:
பேச்சுப் பயிற்சியாளர் என்ற முறையில் எழுதுகிறேன். ஸ்பாஸ்மோடிக் டிஸ்போனியா பதற்றத்தால் வருவதன்று. மூளையிலிருந்து வரும் தவறான கட்டளையால் குரல்வளைத் தசைகள் தம்மையறியாமல் இறுகும் நரம்புக் கோளாறு. ரெம் அவர்களுக்கு 1998இல்தான் நோய் இன்னதென்று தெரிந்தது. அதுவரை காரணம் புரியாமலே அவர் தவித்தார். குரல்நாண் தசையில் போடாக்ஸ் ஊசி போட்டால் இறுக்கம் தளரும். முதல் சில நாட்கள் குரல் காற்றோடு கலந்து மெலிந்து வரும். பிறகு தெளிந்து, சில மாதங்களில் பயன் குறைவதால் மீண்டும் போட வேண்டும். சிகிச்சைக்காகச் சில மாதங்கள் விலகியிருந்து திரும்பிய அவர், தம் நிலையை நேயர்களிடம் ஒளிக்கவில்லை. தாங்களும் நிலையத்தாரிடம் முன்கூட்டியே சொல்லி, ஊசி போட்டபின் குரல் மெலிந்திருக்கும் நாட்களுக்கு மாற்றுத் தொகுப்பாளர் ஒருவரை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

பதில் 3:
மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நோய் தெரிந்த இரண்டே ஆண்டுகளில், 2000இல், அவர் வெள்ளை மாளிகையில் அதிபர் கிளிண்டனை நேர்காணல் செய்தார். 2016இன் இறுதி வரை அந்த நிகழ்ச்சியை நடத்தினார். மெதுவாகப் பேசியதால் விருந்தினரும் அவசரமின்றிப் பதில் சொன்னார்கள் என்பது, பல ஆண்டுகள் கேட்டவள் என்ற முறையில் என் உறுதியான கருத்து.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. வரும் திங்கட்கிழமை நிகழ்ச்சியின் தொடக்கத்திலேயே என் குரலுக்கு என்ன நேர்ந்தது என்பதை நேயர்களிடம் சொல்லிவிட்டு, பிறகு முதல் தொலைபேசி அழைப்பை எடுக்கப்போகிறேன்.