டோக்கியோல சுஷி கடைக்கு கூட்டிட்டுப் போறாங்க, அங்க ரூல்ஸ் ரொம்ப இருக்காம், போனவங்க யாராவது சொல்லுங்க

குடந்தை மண்டி:
எல்லாருக்கும் வணக்கம். கும்பகோணத்துல அரிசி மண்டி வச்சிருக்கேன், வயசு 58. பொண்ணும் மாப்பிள்ளையும் டோக்கியோல இருக்காங்க, அக்டோபர் முதல் வாரம் நானும் வீட்டுக்காரம்மாவும் கிளம்பி ஒரு மாசம் அங்க இருக்கப் போறோம். மாப்பிள்ளை ஆசையா ஒரு பழைய சுஷி (சோத்தோட மீன் வச்சுத் தர்ற ஜப்பான் சாப்பாடு) கடைல இடம் புடிச்சு வச்சிருக்கார், மொத்தமே எட்டு பேர்தான் உக்கார முடியுமாம், மெனு கார்டே கிடையாதாம், அந்த மாஸ்டர் என்ன குடுக்கறாரோ அதான் சாப்பாடாம். செண்ட் போட்டுட்டு வரக்கூடாது, நேரம் தவறக்கூடாது, குடுத்ததை ஆற விடக்கூடாது, கேக்காம போட்டோ எடுக்கக்கூடாதுன்னு ஒவ்வொன்னா போன்ல சொல்லச் சொல்ல எனக்கு வயித்தைக் கலக்குது.

எனக்கு குச்சி புடிச்சு சாப்பிட வராது. தினமும் குளிச்சுட்டு விபூதியோட கொஞ்சம் ஜவ்வாது வச்சுக்கற பழக்கம். வீட்டுக்காரம்மா தலைல மல்லிப்பூ இல்லாம வெளிய கிளம்ப மாட்டாங்க. பச்சை மீனு சாப்பிட்டதே இல்ல ரெண்டு பேரும். பணம் போறது பெருசில்லங்க, மாப்பிள்ளை அங்க நல்ல பேரோட இருக்கார், எங்களால அவருக்கும் பொண்ணுக்கும் ஒரு தலைகுனிவு வந்துடக்கூடாது, அதான் கேக்கறேன்.

தஞ்சாவூர் தம்பி:
ஐயா, நான் டோக்கியோல ஆறு வருஷம் வேலை பாத்துட்டு வந்தவன், தைரியமா போங்க. முதல் கவலையை முதல்ல தீத்துடறேன், சுஷியை கையால சாப்பிடலாம். நிகிரின்னு சொல்ற அந்த சோத்து உருண்டை மேல மீன் வச்சது கையால சாப்பிடறதுதான் பழைய வழக்கம், ஏன்னா 1800கள்ல எடோ ஊர்ல (இப்ப டோக்கியோ) அது தெருக்கடை சாப்பாடாத்தான் பரவுச்சு. உக்காந்த உடனே சூடா ஈரத்துண்டு தருவாங்க, அதுல கையை நல்லா துடைச்சுக்கோங்க, முகம் கழுத்தெல்லாம் துடைக்க வேணாம். ஒரு உருண்டையை ஒரே வாய்ல போட்டுடணும், பாதி கடிச்சு பாதியை தட்டுல வைக்கக்கூடாது.

ஜவ்வாது அன்னைக்கு மட்டும் வேணாம் ஐயா. வெறும் விபூதி வச்சுக்கோங்க, அது வாசனை அடிக்காது. எட்டு பேர் தோளோட தோள் உரசி உக்காந்திருப்பாங்க, அந்த மீனோட வாசனையும் சோத்துல இருக்கற வினிகர் வாசனையும் ரொம்ப மெல்லிசு, பக்கத்துல ஒருத்தர் ஜவ்வாதோட உக்காந்தா மிச்ச ஏழு பேருக்கும் ஜவ்வாதுதான் சாப்பாடு. மல்லிப்பூ விஷயம் தானா தீந்துடும், பச்சைப் பூவுக்கு செடி நோய் இல்லைன்னு அரசாங்க சான்றிதழ் இல்லாம ஜப்பானுக்குள்ள விடவே மாட்டாங்க. ஆனா அம்மா பட்டுப்புடவை கட்டறதா இருந்தா ரெண்டு நாள் முன்னாடியே எடுத்து காத்தாட போடச் சொல்லுங்க, அந்துருண்டை வாசனையும் அதே கணக்குதான். வெத்தலை போடற பழக்கம் இருந்தா அன்னைக்கு மத்தியானத்தோட நிறுத்திக்கோங்க.

சோயா சாஸ் பத்தி ஒன்னு. நல்ல கடைல மாஸ்டரே மீன் மேல லேசா தடவிக் குடுத்துடுவார், வசாபின்னு ஒரு பச்சை நிற கார விழுதும் நடுவுல வச்சிருப்பார், அப்படியே சாப்பிடலாம். தொட்டுக்கச் சொன்னா மீன் பக்கத்தைத்தான் தொடணும், சோத்துப் பக்கம் தொட்டா உறிஞ்சிக்கிட்டு உருண்டை உதிந்துடும். காரம் ஒத்துக்காதுன்னா வசாபி வேணாம்னு ஆரம்பத்துலயே சொல்லிடலாம், தப்பா நினைக்க மாட்டாங்க. இஞ்சி ஊறுகாய் மாதிரி ஒன்னு இருக்கும், அதை சுஷி மேல வைக்காம ஒரு மீனுக்கும் அடுத்த மீனுக்கும் நடுவுல வாய் சுத்தம் பண்ண கொஞ்சம் சாப்பிடுங்க.

குச்சில ரெண்டு விஷயம் மட்டும் மறக்கவே கூடாது. சோத்துல நட்டு வைக்கக்கூடாது, குச்சிலருந்து இன்னொருத்தர் குச்சிக்கு சாப்பாடு மாத்தக்கூடாது. முதல்லது இறந்தவங்களுக்கு படைக்கற முறை, ரெண்டாவது தகனம் முடிஞ்சு எலும்பு எடுக்கறப்ப செய்யறது. நம்ம ஊர்ல யாராவது அசுப காரியத்துல செய்யறதை கல்யாண வீட்ல செஞ்சா எப்படி மனசு பதறும், அது மாதிரி. டிப்ஸ் வைக்காதீங்க, வழக்கமில்ல.

மன்னார்குடி வாசகன்:
எனக்கு இது சரியாப் படலைங்க. காசும் குடுத்து கையையும் கட்டிக்கிட்டு ஏன் சாப்பிடணும்? நம்ம பக்கம் விருந்தாளி கேக்கறதுக்கு முன்னாடி இலைல விழும், வயசான மனுஷனை இத்தனை பயமுறுத்தற இடத்துல சாப்பிட்டா எப்படி உடம்புல ஒட்டும்?

திருவையாறு சமையல்:
மன்னார்குடி அண்ணே, நான் கல்யாண சமையல்ல 30 வருஷமா இருக்கேன், எனக்கென்னவோ அவங்க பக்கம்தான் நியாயம் தெரியுது. நம்ம பந்தில ரூல்ஸ் இல்லையா? நுனி இலை இடப்பக்கம் இருக்கணும், இடது கை இலை மேல வரக்கூடாது, பக்கத்துல இருக்கறவர் சாப்பிட்டுக்கிட்டிருக்கும்போது எந்திரிக்கக்கூடாது, இலையை தன் பக்கமா மடிக்கணும். வெளியூர்க்காரர் ஒருத்தர் வந்து இலையை எதிர்ப்பக்கம் மடிச்சா நமக்கு சுருக்குன்னு இருக்குல்ல. நமக்கு அது ரூல்னே தோணாது, பழகிட்டோம்.

அப்புறம் குடுத்த உடனே சாப்பிடச் சொல்றது. அப்பளத்தை போட்ட உடனே நொறுக்காம சாம்பார்ல ஊற வச்சா அதை பொரிச்சவனுக்கு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். பரிமாறற நேரத்தை கணக்கு பண்ணித்தான் நாங்க ரசத்தை இறக்கறோம், பந்தி அரை மணி தள்ளிப்போனா அந்த ரசம் வேற ரசம். எட்டு பேருக்கு ஒத்தை ஆளா நின்னு கையால புடிச்சுக் குடுக்கறவர் நேரம் பாக்கத்தான் செய்வார்.

தஞ்சாவூர் தம்பி:
சரியா சொன்னீங்க அண்ணா. அந்தச் சோறு நம்ம உடம்பு சூட்டுல இருக்கணும்னு பாத்துப் பாத்து வச்சிருப்பாங்க, உள்ள காத்து இருக்கற மாதிரி மெதுவா அழுத்திப் புடிப்பாங்க, வாய்ல போட்டா தானா பிரியணும். கடல்பாசி சுத்தினதுன்னா இன்னும் சீக்கிரம், ரெண்டு நிமிஷம் போனா நமத்துப் போயிடும். நிறைய கடைல எட்டு பேருக்கும் ஒரே நேரத்துல ஆரம்பிப்பாங்க, ஒருத்தர் லேட்டுன்னா எல்லாருக்கும் கெட்டுப்போகும். வரலைன்னா முழுக் காசு கேக்கறதும் அதனாலதான், அன்னைக்கு எட்டு பேருக்குன்னு மீன் வாங்கி முடிச்சிருப்பாங்க. பெரிய மனுஷன் சின்ன மனுஷன் வித்தியாசமும் கிடையாது, 2014ல அமெரிக்க ஜனாதிபதி ஒபாமாவை ஜப்பான் பிரதமர் டோக்கியோ கின்சா ஏரியால ஒரு அண்டர்கிரவுண்ட் சுஷி கடைக்கு கூட்டிட்டுப் போனார், பத்தே சீட்டு, அவரும் கவுன்டர்லதான் உக்காந்து சாப்பிட்டார்.

நாகை கடற்கரை:
பச்சை மீனுக்கு பயப்படாதீங்க ஐயா, நாங்க மீன் ஏலத்துலயே வளந்தவங்க, நான் சொல்றேன். எல்லாமே பச்சையும் இல்ல. இறால் பெரும்பாலும் அவிச்சது, கடல் விலாங்கு வேக வச்சது, முட்டை சுட்டது, கொஹதான்னு ஒரு சின்ன மீனை உப்புலயும் வினிகர்லயும் ஊற வச்சுத் தருவாங்க. ஐஸ் இல்லாத காலத்துல மீன் கெடாம இருக்க கண்டுபுடிச்ச வேலை இதெல்லாம், நம்ம கருவாடு மாதிரி அவசியத்துல வந்தது. சூரை மீனுதான் அங்க ராஜா, நம்ம நாகைல அதை குழம்புக்குக்கூட ரெண்டாம் பட்சமா வாங்குவாங்க, எனக்கு அதுல ரொம்ப வருத்தம் உண்டு, புடிச்ச உடனே ரத்தம் வடிச்சு ஐஸ்ல வச்சா அந்த மீனே வேற.

ஒன்னே ஒன்னு, அங்க சாப்பிட்டு ருசி கண்டுட்டு இங்க வந்து காவேரி விராலையோ கெண்டையையோ பச்சையா முயற்சி பண்ணிடாதீங்க. ஆத்து மீன்ல நம்ம உடம்புக்குள்ள போய் ஒட்டிக்கற புழு இருக்கலாம். கடல் மீன்லயும் புழு உண்டு, வினிகர்ல ஊறினாலும் சாகாது, நல்லா வேக வைக்கணும், இல்லைன்னா மைனஸ் 20 டிகிரில ஒரு நாள் முழுக்க உறைய வச்சாதான் சாகும். அந்த மாஸ்டருங்க எதை உறைய வைக்கணும், எதை கண்ணால பாத்து எடுக்கணும்னு வருஷக்கணக்கா கத்துக்கிட்டவங்க.

குடந்தை மண்டி:
எல்லாருக்கும் கை எடுத்து கும்புடறேன். இவ்வளவு நாள் அது ஏதோ அதிகாரம்னு நினைச்சேன், சோத்துக்காகன்னு தெரிஞ்சதும் ஆசையே வந்துடுச்சு. எங்கப்பா காலத்துல குறுவைக்கு ஏடிடி 27 நெல்லு மண்டில மலையா குவிஞ்சு கிடக்கும், ஜப்பான் நெல்லையும் நம்ம ஜிஇபி 24 நெல்லையும் சேத்து ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்துல 1960கள்ல கொண்டு வந்த ரகம் அது. அந்த நெல்லோட சொந்தக்கார சோத்தை ஒரு தடவை கைல புடிச்சுப் பாக்கணும்.

ஆனா இப்பதான் காலண்டர் பாத்தேன், இடம் புடிச்சிருக்கறது அக்டோபர் 2வது சனிக்கிழமை. புரட்டாசி சனி. வீட்டுக்காரம்மா மாசம் முழுக்க மீன் தொட மாட்டாங்க, நானும் சனிக்கிழமை சாப்பிட மாட்டேன். மாப்பிள்ளை சென்னைல வளந்தவர், மறந்துட்டார் போல. அவர் ஆசையா செஞ்சதை எப்படி வேணாம்னு சொல்றது, அங்க போய் சைவமா ஏதாவது குடுங்கன்னு கேட்டுக்கலாமா?

தஞ்சாவூர் தம்பி:
அங்க போய் கேக்கவே கேக்காதீங்க ஐயா, அதுதான் உண்மையிலேயே தலைகுனிவு. வெள்ளரிக்காய் ரோல், சுரைக்காய் வத்தல் ரோல்னு இருக்கு, ஆனா அந்தச் சுரைக்காயைக்கூட சில கடைல மீன் கருவாட்டுத் தண்ணில வேக வச்சிருப்பாங்க, முட்டைலயும் அது சேரும். இன்னைக்கே மாப்பிள்ளைகிட்ட சொல்லிடுங்க. இன்னும் நாள் இருக்கு, இப்ப தேதி மாத்தினா பெரும்பாலும் ஒத்துக்குவாங்க, முந்தின நாள் சொன்னாதான் கஷ்டம்.

குடந்தை மண்டி:
ராத்திரியே பேசிட்டேன். அவர்தான் பதறிப்போய் மன்னிப்பு கேட்டார், நான் கேக்க வேண்டிய இடத்துல. கடைல பேசி ஐப்பசி பொறந்து ஒரு வாரம் கழிச்சு செவ்வாய்க்கிழமைக்கு மாத்திட்டார். வீட்டுக்காரம்மா இப்பவே வெறும் கைல சோத்து உருண்டை புடிச்சு ஒரே வாய்ல போட்டு பழகிக்கிட்டிருக்காங்க. அந்த மாஸ்டருக்கு குடுக்க ரெண்டு கிலோ கிச்சிலிச் சம்பா கொண்டு போகலாமா?

தஞ்சாவூர் தம்பி:
அரிசிக்கும் பூவுக்கு சொன்ன அதே சான்றிதழ் கேப்பாங்க ஐயா, ஏர்போர்ட்லயே எடுத்து வச்சுக்குவாங்க. நெல்லு போட்டோ ஒன்னு போன்ல வச்சுக்கோங்க, சாப்பாடு முடிஞ்சு டீ குடுக்கற நேரத்துல மாஸ்டருக்கு கை ஓஞ்சிருக்கும், மாப்பிள்ளையை விட்டு நீங்க அரிசிக்காரர்னு சொல்லச் சொல்லுங்க, அந்த ஏடிடி 27 கதையையும் சொல்லச் சொல்லுங்க.