காயிலோவர் போட்ட பிறகு முன்பக்கம் டக் டக் சத்தம், டேம்பிங் மாற்றியும் போகவில்லை

கேள்வி:
நண்பர்களே, உயரம், டேம்பிங் (ஷாக் அப்சார்பரின் கடினம்) இரண்டையும் மாற்றக்கூடிய காயிலோவர் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்தது) செட் வாங்கிப் போட்டிருக்கிறேன். வளைவில் வண்டி சாய்வது நன்றாகக் குறைந்துவிட்டது. ஆனால் மெதுவாகப் போகும்போது சின்னச் சின்னப் பள்ளத்தில் முன்பக்கம் இடதுபுறம் டக் டக் என்று சத்தம். வேகத்தடையில் நேராக ஏறி இறங்கினால் அது வருவதில்லை, இதுதான் எனக்குப் புரியவில்லை. அப்புறம் நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்தால் ஸ்பிரிங் முறுக்கி விடுபட்ட மாதிரி ஒரு 'டொய்ங்'. டேம்பிங்கைக் கடினமாக்கினால் டக் டக் கொஞ்சம் குறைகிறது, ஆனால் வண்டி தூக்கித் தூக்கிப் போடுகிறது. பொருத்திக் கொடுத்த கடையில் "இந்த மாதிரி செட்டில் சத்தம் வரத்தான் செய்யும்" என்கிறார்கள். ஷாக்கே போய்விட்டதா?

பதில் 1:
ஷாக்கை இப்போதே சந்தேகப்படாதீர்கள், எண்ணெய்க் கசிவு இல்லையென்றால் அது கடைசியாகப் பார்க்க வேண்டியது. உங்கள் கேள்வியிலேயே துப்பு இருக்கிறது. வேகத்தடையில் இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறுவதால் ஆன்ட்டி ரோல் பார் (இடது வலது சக்கரங்களை இணைத்து வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) முறுக்கிக்கொள்வதில்லை, அதன் முனையைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் லிங்க்கிலும் பெரிதாகச் சுமை விழாது. ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போதுதான் லிங்க் இழுபடும். வண்டியைத் தாழ்த்தியதும் பழைய லிங்க்கின் கோணம் மாறி, அதன் பால் ஜாயின்ட் (உருண்டை மூட்டு) ஓரத்தில் போய் முட்டும், அல்லது ஏற்கெனவே தேய்ந்திருந்தது இப்போது வெளியே தெரியும். இரண்டு பக்க லிங்க்கையும் கழற்றி, பார் எதிலும் இடிக்காமல் கட்டிவைத்து, ஆள் இல்லாத சாலையில் மிக மெதுவாக ஓட்டிப் பாருங்கள் (வளைவில் வண்டி அதிகம் சாயும், கவனம்). சத்தம் போய்விட்டால் குற்றவாளி அங்கேதான். போகவில்லையென்றால் டாப் மவுண்ட் (ஷாக்கின் மேல் முனையை வண்டியோடு பிடிக்கும் பாகம்) நட்டைப் பாருங்கள். நட்டுக்கும் ராடுக்கும் (ஷாக்கின் நடுத்தண்டு) குறுக்கே பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவிட்டால் அது தளர்கிறதா என்று தெரிந்துவிடும்.

பதில் 2:
'டொய்ங்' வேறு விஷயம், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங்கும் சேர்ந்து சுழல வேண்டும். மேலே பேரிங் இறுகிப்போனாலோ, வாஷரை வரிசை மாற்றிப் போட்டிருந்தாலோ ஸ்பிரிங் முறுக்கேறி, தாங்காமல் ஒரே நேரத்தில் விடுபடும். ஒருவர் ஸ்டீயரிங்கை ஒடிக்க, இன்னொருவர் ஸ்பிரிங் மேல் விரல் வைத்தால் அந்தக் குதிப்பு தெளிவாகத் தெரியும், ஆனால் சுருள்களுக்கு நடுவில் விரலைக் கொண்டுபோகாதீர்கள். இன்னொன்று, சக்கரத்தை ஜாக்கில் தொங்கவிட்டு ஸ்பிரிங்கைக் கையால் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் ஸ்பிரிங் சீட்டை (ஸ்பிரிங் உட்காரும் தட்டு) அளவுக்கு மீறி இறக்கியிருக்கிறார்கள். ஷாக்கின் அடிப் பிராக்கெட்டில் உயரம் மாற்றுகிற வகை என்றால் உயரத்தை அங்கேதான் குறைக்க வேண்டும், ஸ்பிரிங்கைத் தளர்த்தி அல்ல. லாக் ரிங்கையும் (அந்தச் சீட் நகராமல் பிடிக்கும் வளையம்) சி ஸ்பேனர் வைத்து இறுக்குங்கள். டாப் நட்டை இம்பாக்ட் கன்னில் முடுக்கியிருந்தால் ராடு உள்ளே சுழன்று சீல் கெட வாய்ப்புண்டு, கடையில் அதைக் கட்டாயம் கேளுங்கள்.

பதில் 3:
சத்தத்தை டேம்பிங் குமிழால் சரிசெய்ய முயலாதீர்கள். கடினமாக்கினால் சக்கரம் அசைவது குறைகிறது, அதனால் சத்தமும் குறைகிறது, தளர்ந்தது தளர்ந்தேதான் இருக்கும். பெரும்பாலான செட்டில் வலப்பக்கம் திருப்பினால் கடினம். மெதுவாக முட்டும்வரை திருப்பி, அங்கிருந்து கிளிக் எண்ணிப் பின்னால் வாருங்கள், இடதும் வலதும் ஒரே எண்ணிக்கை. மென்மையாக்கியும் இடிக்கிறது என்றால் ராடில் ஒரு கேபிள் டை கட்டி ஓட்டுங்கள், அது பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுதாக அமுங்காமல் தடுக்கும் ரப்பர்) வரை தள்ளப்பட்டிருந்தால் உயரம் போதவில்லை, டேம்பிங் காரணமில்லை. உயரத்தைத் தொட்ட ஒவ்வொரு முறையும் வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும், இல்லையென்றால் டோ (சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) மாறி டயர் ஓரத்தில் தேயும்.

கேட்டவர்:
லிங்க் இரண்டையும் கழற்றி ஓட்டினேன், டக் டக் சுத்தமாக இல்லை. இடது லிங்க்கில் கையால் ஆட்டினாலே தளர்வு தெரிகிறது. நீளம் மாற்றக்கூடிய லிங்க் போடப்போகிறேன். மேல் பேரிங்கைக் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்ததும் 'டொய்ங்'கும் போய்விட்டது. இப்போது பின்பக்கம் வண்டியை அழுத்தினால் மட்டும் கிரீச் என்கிறது.

பதில் 2:
நல்லது. புது லிங்க் போடும்போது வண்டி தரையில் நிற்கும் நிலையில் நீளத்தை வையுங்கள், பாரில் முறுக்கு இருக்கக் கூடாது. பின்பக்கம் எனக்கு ரப்பர் புஷ் (போல்ட் மூட்டில் இருக்கும் ரப்பர் உருளை) என்றுதான் படுகிறது. சக்கரம் தொங்கும்போதே ஆர்ம் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கை) போல்ட்டை இறுக்கியிருந்தால் வண்டி இறங்கியதும் புஷ் முறுக்கியபடியே நிற்கும், கத்தும், சீக்கிரம் கிழியும். அந்த போல்ட்டுகளைத் தளர்த்தி, வண்டியின் எடை சக்கரத்தில் இருக்கும்போது, சர்வீஸ் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து முடுக்கும் ஸ்பேனர்) இறுக்குங்கள். சில நூறு கிமீ ஓடிய பிறகு முன்பக்க நட்டுகளோடு சேர்த்து இவற்றையும் இன்னொரு முறை பாருங்கள்.