புதுப்பிப்பு: டீசல் இன்ஜின் மாற்றிய பிக்கப் ஓடி ஓடி அணைந்த சிக்கல் தீர்ந்தது

பழைய பெட்ரோல் பிக்கப்பில், பெங்களூரு அல்சூர் வீட்டு முற்றத்திலேயே வைத்து டீசல் இன்ஜின் ஏற்றினேன், ஸ்டார்ட் ஆகி நான்கு நிமிடத்தில் அணைந்துவிடுகிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"டீசல் பம்ப்பைப் பிரிக்காதீங்க, டீசல் ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவில் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூப் போட்டுப் பாருங்க" என்று ஒரு அண்ணன் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. டியூபில் சரம் சரமாகக் காற்றுக் குமிழி. டீசலோடு போன அந்தக் காற்றுதான் இன்ஜினை அணைத்தது. ஃபில்டர் போல்ட்டில் பழைய செப்பு வாஷரையே திரும்பப் போட்டிருந்தேன். ஜே.சி. ரோட்டில் புதிது வாங்கிப் போட்டு, கைப்பம்ப்பை அடித்துக் காற்றை எடுத்தேன். குமிழி குறைந்தது, ஆனால் நிற்கவில்லை.

எதிர்பாராதது இதுதான்: மீதிக் காற்று டேங்க் பக்கத்து ரப்பர் ஹோஸில் இருந்த மயிரிழை வெடிப்பு வழியாக வந்தது. ஒரு சொட்டு டீசல்கூடக் கசியவில்லை. அது பம்ப் உறிஞ்சுகிற பக்கம். காற்று உள்ளே போகும், டீசல் வெளியே வராது. அதனால் ஈரத்தைத் தேடிப் பயனில்லை. டீசலுக்கான புது ஹோஸ் போட்டதும் சரி, ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடியது.

டீசல் இன்ஜினின் கூடுதல் எடையில் முன்பக்க ஸ்பிரிங் பட்டை கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது. அப்புறம் ஆர்டிஓ வேலை: மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 படி இன்ஜின் மாற்றம் ஆர்.சி.யில் (பதிவுச் சான்றிதழில்) ஏற வேண்டும். அதுவரை வண்டி முற்றத்தில்தான்.