ஆழ்துளைக் கிணற்றில் தெரிவது நிலாவா, பக்கத்துத் தோட்டத்து மோட்டாரா?

வணக்கம். பாலக்கோடு பக்கம் எங்கள் தோட்டத்தில் மோட்டாரைக் கழற்றிவிட்ட 600 அடி ஆழ்துளைக் கிணறு ஒன்று சும்மா கிடக்கிறது. அதில் ஓர் அழுத்த உணரியை இறக்கி, 15 நிமிடத்துக்கு ஒரு முறை நீர்மட்டத்தைப் பதிவு செய்கிறேன். 40 நாள் ஆகிறது. மட்டம் தினமும் இரண்டு முறை ஏறி இறங்குகிறது. எல்லாம் 3 சென்டிமீட்டருக்குள்தான். நிலாவின் இழுப்பால் கடல்மட்டம் ஏறி இறங்குவதை ஓதம் என்பார்கள்; இதுவும் அப்படித்தானோ என்று நினைக்கிறேன்.

கடலே இல்லாத தர்மபுரியில் ஓதமா என்று அண்ணன் சிரிக்கிறார். நிலாவும் சூரியனும் இழுப்பதில் காலடிப் பாறையும் சில பத்து சென்டிமீட்டர் உயர்ந்து தாழ்கிறது. பாறை விரிந்தால் வெடிப்புகளில் இடம் கூடி நீர்மட்டம் இறங்கும், நெருங்கினால் ஏறும். அண்ணன் நம்பவில்லை.

எனக்கும் முழு நம்பிக்கை இல்லை. மும்முனை மின்சாரம் வந்ததும் சுற்றிலும் மோட்டார்கள் ஓடுகின்றன. காற்றழுத்தமும் 12 மணி நேரத்துக்கு ஒரு முறை கூடிக் குறைகிறது. என் உணரியோ காற்றின் எடையையும் சேர்த்தே காட்டுகிறது. ஒரு மில்லிபார் மாறினால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தண்ணீர்! நிலாவால் வரும் ஏற்ற இறக்கமோ 12 மணி 25 நிமிடத்துக்கு ஒரு முறை. அந்த 25 நிமிட வித்தியாசத்தைத்தான் பிரித்தெடுக்க வேண்டும்.

தர்மபுரி, கிருஷ்ணகிரியில் யாரிடமாவது தானாகப் பதிவாகும் காற்றழுத்தமானி இருந்தால் ஒரு மாதம் இரவல் தர முடியுமா? அலைகளைப் பிரிக்கும் கணக்கு தெரிந்தவர்கள் என் பதிவுகளைப் பார்த்துச் சொன்னாலும் போதும். கோப்பை அனுப்பிவைக்கிறேன்.